செவ்வாய்க்கு வக்காலத்து

அருமைநாயகிக்குச் செவ்வாய் எட்டில். உரும்பிராயில் அவளுக்குப் பேசி வந்த ஐந்து சம்பந்தமும் அந்த ஒரு கட்டத்தில் முட்டி நின்றன. ஆறாவது வருவதற்குள் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது. சத்திரசிகிச்சைக்கு வேண்டிய கத்தி, கத்தரிக்கோல், துணி எல்லாவற்றையும் அவித்துக் கொடுக்கிற வேலை. இருபத்திரண்டு வருடம் அவித்தாள். தொண்ணூற்றிரண்டில் யுத்தத் தடையால் மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை என்றானபோது பின்வளவில் அடுப்பு மூட்டி, பனைமட்டை எரித்து அவித்தாள். கொதிக்கவேண்டிய நேரத்தில் ஒரு நிமிஷம் குறைய விடமாட்டாள்.

புதிதாக வந்த சத்திரசிகிச்சை டொக்டர் கனகசபாபதி, அவள் புகைக்குள் நின்று ஊதுவதைப் பார்த்துவிட்டு ஒரு புதினம் சொன்னார். பதினாறு வருடத்துக்கு முன் செவ்வாய்க் கிரகத்தில் இறக்கிய கலங்களையும் இப்படித்தான், அனுப்பமுதல் மணித்தியாலக் கணக்காகச் சூட்டில் வைத்துக் கிருமி கொன்றார்களாம்.

"ஏன் டொக்டர், அங்கை ஆர் நோயாளியள் கிடக்கினம்?"

"ஆரும் இருக்கினமோ எண்டு தெரியாது. அதாலைதான்."

அருமைநாயகி ஊதுகுழலைக் கீழே வைத்தாள். தெரியாத இடத்துக்கு ஊத்தையோடு போகக்கூடாது! இவ்வளவு ஒழுங்கான கதையை அவள் அதுவரை கேட்டதேயில்லை.

அடுத்த நாளே அதற்கு வேலை வந்தது. மனைவிக்குக் குடல்வால் வெட்டுகிறார்கள் என்று நீர்வேலித் தம்பிராசா வாழைத்தோட்டத்து மண் காலோடு சத்திரசிகிச்சைத் தியேட்டர் வாசலுக்கு ஓடி வந்தார்.

"அண்ணை, நில்லுங்கோ! செவ்வாய்க்குப் போன கப்பலையே அவிச்சுத்தான் அனுப்பினவங்கள். நீங்கள் காலும் கழுவாமல் வாறியள்!"

தம்பிராசாவின் கண் விரிந்தது. தடைக்காலத்தில் சாமான் கப்பலில்தான் வரும். "செவ்வாய்க்கிழமை கப்பலோ? கோதம்பை மா வருதாமோ? சீனி?"

அவள் விளங்கப்படுத்துவதற்குள் ஆள் சைக்கிளில் ஏறிவிட்டார். செவ்வாய்க்கிழமை விடிய நீர்வேலிக் கூட்டுறவுச் சங்கக்கடையில் இருநூறு பேர் பையோடு நின்றார்களாம்.

தாதி இராசமலருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அக்கா, உங்கடை வாழ்க்கையைக் கெடுத்த கிரகம். அதுக்கே வக்காலத்து வாங்குறியள்?"

"அது தன்ரை பாட்டிலை சுத்துது, பிள்ளை. கெடுத்தது சாத்திரி."

இரண்டு வருடம் கழித்து ஒரு காலை, கனகசபாபதி கை கழுவி, கையிரண்டையும் உயர்த்திப் பிடித்தபடி தியேட்டருக்குள் வந்தார். கொழும்பிலிருந்து வந்த சஞ்சிகையில் படித்ததை அவளுக்குச் சொல்லாமல் அவரால் இருக்க முடியவில்லை.

"அருமையக்கா, செவ்வாய்க்குக் கலம் அனுப்புற சட்டத்தை மாத்தப் போயினமாம். உயிர் இருக்கோ எண்டு தேடப் போற கலத்தை மட்டும் அவிச்சால் காணுமாம். மற்றதுகளைத் துடைச்சுத் துப்பரவாக்கி அனுப்பலாமாம்."

"என்ன கதை கதைக்கிறியள்? அப்ப நோயாளியைத் தொடுற நீங்கள் மட்டும் கை கழுவினால் காணுமோ? பக்கத்திலை நிக்கிற நாங்கள் சாணகம் அள்ளின கையோடை வரலாமோ?"

"அவை சொல்லுறது என்னெண்டால்…"

"ஆர் என்னத்துக்கு வந்தவை எண்டு கிருமி விசாரிச்சே இறங்கும்?"

மேசையில் கிடந்த நோயாளியும் சிரித்துவிட்டார். கனகசபாபதி குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, நழுவிய கண்ணாடியைக் கழுவின கையால் மேலே தள்ளினார்.

"டொக்டர்!"

ஒரு சத்தம்தான். டொக்டர் கை கழுவத் திரும்பி நடந்தார். அருமைநாயகி பின்னாலேயே போய் வாளித் தண்ணீரை மொண்டு ஊற்றினாள்.

"அந்த முதல் கலங்களை அவிச்ச சனம் இப்ப பென்சன் எடுத்திருக்கும்," என்றாள். "உதுகள் புதுப் பிள்ளையள். அதுதான் துடைச்சு அனுப்பப் பாக்குதுகள்."