வாப்பா எழுதிய கொழும்பு

வாப்பாவின் கடுதாசியைப் பிரித்தால் முதலில் வருவது கருவாப்பட்டை வாசம்தான், எழுத்தெல்லாம் அப்புறம். கொழும்பில் புறக்கோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருந்த அவர், பெரியபட்டினத்தில் ஐந்தாம் வகுப்புப் படித்த மகளான எனக்கு, அந்த நகரத்தின் கதையைக் கடிதத்துக்கு ஒரு காலகட்டமாக எழுதி வந்தார். களனி ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் அரபு வியாபாரிகள் குடியேறியது ஒரு கடிதம். கருவாப்பட்டைக்கு ஆசைப்பட்டுப் போர்த்துக்கீசியர் கோட்டை கட்டியது அடுத்தது. அதைப் பிடுங்கிக்கொண்ட ஒல்லாந்தர் வாய்க்கால் வெட்டியதும், வெள்ளைக்காரன் மதிலை இடித்துத் துறைமுகத்தைப் பெரிதாக்கியதும் பிறகு வந்தன. "மதிலே இல்லாத இடத்தை இன்னமும் கோட்டைன்னுதாம்மா சொல்றாக" என்று ஒருமுறை எழுதியிருந்தார். எல்லாக் கடிதமும் "மீதி அடுத்த கடுதாசியில்" என்றே முடியும். "வீட்டு விசயம் நாலு வரி, கோட்டை விசயம் நாப்பது வரியாக்கும்!" என்று உம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். ஆனால் நான் வாசித்து முடிக்கும்வரை அடுப்படிக்குப் போகமாட்டார்.

எண்பத்து மூன்றில் சுதந்திர தினப் பேச்சுப் போட்டிக்கு, ஏதாவது ஒரு தலைநகரத்தின் வரலாறு என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். எல்லாரும் டெல்லி என்று சொல்ல, நான் கொழும்பு என்றேன். திமிர் கொஞ்சம் அதிகம் எனக்கு. சுதந்திரம் வந்த கதை மட்டும் பாக்கி. சீக்கிரம் எழுதுங்கள் என்று வாப்பாவுக்குக் கடிதம் போட்டேன்.

ஜூலைக் கடைசியில் கொழும்பு எரிகிறது என்று ரேடியோவில் செய்தி வந்தது. தமிழர் கடைகளாகப் பார்த்துக் கொளுத்துகிறார்கள் என்றார்கள். கடிதம் நின்றுபோனது. தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டும்போது சைக்கிளை வேகமாக மிதித்தார். உம்மா தொழுகைப் பாயை மடிக்கவே இல்லை. நான் எழுதச் சொன்னதால்தான் வாப்பா கடையிலேயே உட்கார்ந்திருந்து மாட்டிக்கொண்டாரோ என்று எனக்கு ஒரே பயம்; யாரிடமும் சொல்லவில்லை.

போட்டியில் வெள்ளைக்காரன் வரைக்கும் கடகடவென்று சொல்லிவிட்டு நின்றேன். "சுதந்திரம் வந்ததை எங்க வாப்பா இன்னும் எழுதல டீச்சர்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் வாப்பா இராமேஸ்வரத்தில் கப்பல் இறங்கி வந்து சேர்ந்தார், கையில் பெட்டி இல்லாமல், தொளதொளவென்று யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு. "யா அல்லாஹ்!" என்று உம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போய் வாப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

"நான் எழுதச் சொன்னதாலதானே வாப்பா?"

"போடி கிறுக்கச்சி! நீ கேட்டதாலதான் உசுரோட வாரேன். நான் அங்கன போறதுக்கு முந்தியே சுதந்திரம் வந்துருச்சு. கொடியேத்துன அன்னைக்கி என்ன நடந்துச்சுன்னு விசாரிக்க, சரக்கு வாங்க வார சிங்களக் கிழவர் ஒருத்தர் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்நேரந்தான் கடையைக் கொளுத்திட்டாக. அவருதான் ஒளிச்சு வச்சு, தன் சட்டையக் குடுத்து அனுப்புனாரு."

"கொடியேத்துன அன்னைக்கி என்னவாம்?"

"சொல்ல ஆரம்பிச்சாரும்மா. அதுக்குள்ள தெருவுல சத்தம் கேட்டுருச்சு."

அடுத்த வருடத்தோடு கப்பலும் நின்றது. வாப்பா திரும்பப் போகவில்லை. கல்லூரியில் படிக்கும்போது, கொழும்புக்குச் சுதந்திரம் வந்த கதையைப் புத்தகத்தில் படித்துவிட்டு வந்து அவரிடம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது புத்தகத்துல உள்ளதும்மா. அந்தக் கிழவரு சொல்ல வந்தது வேற" என்றார்.

இப்போது வாப்பா இல்லை. கடிதங்களில் கருவாப்பட்டை வாசமும் போய்விட்டது. கடைசிக் கடிதத்தின் அடியில், "மீதி அடுத்த கடுதாசியில்" என்பது மட்டும் அப்படியே இருக்கிறது.