அல்போன்சா கையெழுத்துப் போடாத கேட் பாஸ்

ஓசூர் ரோட்டில் இருந்த அந்தச் சட்டைக் கம்பெனியில் மூன்றாவது லைன் பெண்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. காரணம், அவர்களுடைய சூப்பர்வைசர் அல்போன்சா. அவள் யாரையும் ‘ஏய்’ என்று கூப்பிட்டதில்லை. ஒருத்திக்கு அன்றைய கணக்கில் பீஸ் குறைந்தால் பக்கத்தில் உட்கார்ந்து தானே தைத்துக் கொடுப்பாள். வீடு விவேக் நகரில். வியாழக்கிழமைகளில் வேலை விட்டதும் குழந்தை ஏசு கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். தன் மேசையிலும் குழந்தை ஏசுவின் சின்னப் படம் ஒன்றை ஒட்டி வைத்திருந்தாள். புதிதாகச் சேரும் பெண்களிடம் பழையவர்கள், “ஏதாச்சும் கஷ்டம்னா அக்கா கிட்ட போ. சாமி மாதிரி” என்று சொல்வார்கள். அது காதில் விழும்போது அல்போன்சாவுக்குச் சந்தோஷமாகவே இருக்கும்.

தாரணி அந்த லைனில் காலர் தைத்தாள். சந்தாபுராவிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 1998 மழைக்காலத்தில், பெரிய ஆர்டர் ஒன்று லாரி ஏற வேண்டிய நாளில், காலை டீ முடிந்ததும் அல்போன்சாவின் மேசை முன்னால் வந்து நின்றாள்.

“அக்கா, வயிறு ரொம்ப வலிக்குது. ஒரு கேட் பாஸ் போட்டுக் குடுங்கக்கா, ஆஸ்பத்திரிக்குப் போயிடறேன்.”

சூப்பர்வைசர் கையெழுத்து இல்லாமல் வாட்ச்மேன் யாரையும் வெளியே விடமாட்டான். மேனேஜர் முகேஷோ அன்று காலையிலேயே எச்சரித்திருந்தார்: இந்த லைனால் லாரி நின்றால் அல்போன்சாதான் பதில் சொல்ல வேண்டும்.

“இன்னிக்குப் பாத்தா கேக்கறே? சொல்ப, கொஞ்சமே கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா. சாப்பாட்டு பெல் அடிச்சதும் நானே அனுப்பறேன்.”

தாரணி மறுபேச்சுப் பேசாமல் போய் உட்கார்ந்தாள். பெல் அடிப்பதற்குள் ஸ்டூலிலிருந்து சரிந்தாள். புடவையெல்லாம் ரத்தம். ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கரு கலைந்துவிட்டது.

லாரி நேரத்துக்குக் கிளம்பியது.

“மாசமா இருக்கேன்னு அவ சொல்லவேயில்லியே. நீ இன்னா பண்ணுவே?” என்று எல்லோரும் அல்போன்சாவைத் தேற்றினார்கள். அவளும் தலையாட்டினாள். ஆனால் தாரணி காலையில் வாயைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடுவதையும், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வைத்துவிடுவதையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இரண்டு பிள்ளை பெற்றவளுக்கு அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்? கேட்டால் அனுப்ப வேண்டியிருக்கும் என்றுதான் அன்று கேட்கவில்லை.

சனிக்கிழமை கோயிலில் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். “தெரியாம நடந்ததும்மா, மனசைப் போட்டு வருத்திக்காதே” என்றார் சாமியார். தெரிந்துதான் செய்தேன் என்று திருத்த வாய் வரவில்லை. அங்கேயும் பொய் சொன்ன மாதிரி வெளியே வந்தாள்.

மறுநாள் பூசை முடிந்ததும் பழம் வாங்கிக்கொண்டு சந்தாபுராவுக்குப் பஸ் ஏறினாள். வாசலிலேயே தாரணியின் மாமியார் பாஞ்சாலி மறித்தாள்.

“ஒரு சீட்டுல கையெழுத்துப் போட கை வரல. இப்ப பழம் வாங்கியாற கை வருதா?”

“உள்ள வரட்டும் அத்தே” என்று தாரணியின் குரல் கேட்டது.

பாயில் சுருண்டு படுத்திருந்தாள். அல்போன்சா பக்கத்தில் உட்கார்ந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், “எனக்குத் தெரியும் தாரணி. நீ சொல்லல, ஆனா எனக்குத் தெரியும்” என்றாள்.

தாரணி சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: “வேற லைனா இருந்தா சண்டை போட்டிருப்பேன்க்கா. வாட்ச்மேன் காலைப் புடிச்சாவது வெளிய போயிருப்பேன். சொன்னது நீங்க. அக்கா சொன்னா நல்லதுக்குத்தான்னு உக்காந்துட்டேன்.”

குரலில் கோபமே இல்லை. ஓங்கி அறைந்திருந்தால் தேவலை என்றிருந்தது அல்போன்சாவுக்கு.

திங்கட்கிழமை மேசையிலிருந்த படத்தை நகத்தால் சுரண்டி எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஏனென்று கேட்ட பெண்களிடம், “அதைப் பாத்துதானே எல்லாரும் என்னை நம்பறீங்க” என்று மட்டும் சொன்னாள். ‘சாமி மாதிரி’ என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் மறுபடி ஒரு லாரி நாள். லைனில் பட்டன் தைக்கும் வீணாவின் பிள்ளைக்கு ஜுரத்தில் வலிப்பு வந்துவிட்டதாகத் தகவல் வந்தது. வீணா கேட்பதற்கு முன்பே அல்போன்சா சீட்டு எழுதி அவள் கையில் திணித்தாள்.

முகேஷ் கத்திக்கொண்டு வந்தார். “யாரைக் கேட்டு அனுப்பினே?”

“யாரையும் கேக்கல சார். அவ வேலையை நான் பாத்துக்கறேன்.”

வீணாவின் மிஷினில் உட்கார்ந்து தலை நிமிராமல் தைத்தாள். ஆனாலும் லாரி தாமதமாகத்தான் போனது. அடுத்த வாரம் மூன்றாவது லைனுக்கு ராஜேந்திரன் என்பவர் சூப்பர்வைசராக வந்தார். அல்போன்சா பழையபடி டைலரானாள், சம்பளமும் குறைந்தது. வீணா வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “எம் புள்ள உசுரோட இருக்குதுன்னா உங்களாலதான் அக்கா.”

“அப்டி சொல்லாதே” என்று அல்போன்சா கையை உருவிக்கொண்டாள். இவளுடைய பிள்ளை பிழைத்ததில் தாரணி இழந்த பிள்ளையின் கணக்கு நேராகிவிடாது என்று அவளுக்குத் தெரிந்தது.

அன்றோடு வேலையை விட்டிருந்த தாரணிக்கு இரண்டாயிரமாவது வருஷம் பெண் பிறந்தது. ஆள் மூலம் சொல்லியும் அனுப்பியிருந்தாள். போகவும் மனசில்லாமல், போகாமலிருக்கவும் முடியாமல் பல ஞாயிறுகளைத் தள்ளிப்போட்டு, கடைசியில் ஒருநாள் போனாள். பாஞ்சாலி இந்தத் தடவை மறிக்கவில்லை. குழந்தையைக் கொண்டுவந்து நீட்டினாள். அல்போன்சாவின் கைகள் தாமாகப் பின்வாங்கின.

“வேணாம்மா. நான் தொட...”

“தூக்கு, சும்மா. நீ வருவே வருவேன்னு எம் மருமவ வாசலையே பாத்துனு இருந்தா.”

வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. குழந்தைமேல் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“மறுபடி வேலைக்கு வரலாம்னு இருக்கேன்க்கா” என்றாள் தாரணி. “உங்க பக்கத்து மிஷின் கெடைக்குமா?”

“ராஜேந்திரன் சார் கிட்ட கேக்கறேன்” என்றாள் அல்போன்சா.

கிடைத்தது. பல வருஷம் இருவரும் அடுத்தடுத்து உட்கார்ந்து தைத்தார்கள். அந்த நாளைப் பற்றி தாரணி ஒருபோதும் பேசவில்லை. அல்போன்சாவுக்கு மட்டும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. லைனில் எவளாவது தையலை நிறுத்திவிட்டு வயிற்றில் கை வைத்தால், முதலில் அல்போன்சாவின் மிஷின் நின்றுவிடும்.

“இன்னாம்மா பண்ணுது? சொல்லு. இப்பவே சொல்லு.”