சீட் பெல்ட்டின் அடியில் இருந்த தேதி

அன்று சின்னமனூரில் அந்த வீட்டு ஹாலில் நாங்கள் நான்கு பேர். ஏலக்காய் வியாபாரி சவரிமுத்து, அவர் மனைவி ஜெயராணி அக்கா, மதுரையிலிருந்து வந்திருந்த இறக்குமதி புரோக்கர், நான்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். தேனியில் கார் எலக்ட்ரீசியன். பழைய ஜப்பான் வண்டிகளின் ஈசிஎம் என்கிற இன்ஜின் கம்ப்யூட்டரை அந்த புரோக்கரிடம் வாங்கிய பழக்கத்தில், நான்தான் அவரை அங்கே கூட்டிப் போனேன்.

அக்காவுக்கு முதுகெலும்பில் அடிபட்டதிலிருந்து கால்கள் வேலை செய்யவில்லை. ஜப்பானில் ஒருவகைக் கார் உண்டு. பட்டனை அழுத்தினால் சீட் வெளிப்பக்கம் திரும்பி, இறங்கி வரும். அதை போனில் பார்த்ததிலிருந்து அக்கா வேறு பேச்சே பேசவில்லை.

"ரெண்டு ஆம்பளைக என்னைய மூட்டை மாதிரி தூக்கிப் போடுறது போதும் தம்பி. நானா ஏறணும்."

பழைய காரை வெளிநாட்டிலிருந்து இறக்கினால், அது தயாராகி மூன்று வருடம் தாண்டியிருக்கக் கூடாது. மும்பை துறைமுகம் வழியாக வந்து, டெஸ்ட்டும் பாஸாக வேண்டும். புரோக்கர் காட்டிய பேப்பரில் ரெஜிஸ்ட்ரேசன் ஆகி இரண்டு வருடம் ஐந்து மாதம்.

"தயாரான தேதி எது?" என்றேன்.

"அண்ணே, ரெஜிஸ்ட்ரேசன்தான் கணக்கு. நீங்க ஒயரிங்கப் பாருங்க."

சவரிமுத்து அண்ணன் சிரித்தார். "ஏப்பா, ஒனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல? அங்கன மழை பெய்யுமான்னும் கேட்டுக்க." அட்வான்ஸ் ஒரு லட்சம் கைமாறியது.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மும்பையில் கிளியரிங் வேலை பார்க்கும் ஒருவரை போனில் பிடித்துக் கேட்டேன். தயாரான தேதிதான் கணக்கு, தாண்டினால் வண்டி துறைமுகத்தைவிட்டு வெளியே வராது என்றார். புரோக்கரிடம் தயாரான தேதி போட்ட கம்பெனி லெட்டர் கேட்டேன். இன்று, நாளை என்றார். அதனால் சீட் பெல்ட் லேபிளின் போட்டோ கேட்டேன். சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்தால் அடியில் ஒரு துணி லேபிள் தெரியும். பெல்ட் தயாரான தேதி பெரும்பாலும் அதில் இருக்கும். பெல்ட்டும் வண்டியும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் தயாராகும்.

இன்ஜின் போட்டோ வந்தது. கிலோமீட்டர் போட்டோ வந்தது. சீட் சுழலும் வீடியோகூட வந்தது. லேபிள் மட்டும் வரவில்லை. வெள்ளிக்கிழமை மீதிப் பணம் போக வேண்டும். லேபிள் வரும்வரை அனுப்பாதீர்கள் என்று அண்ணனுக்கு போன் போட்டுச் சொன்னேன்.

"வண்டி கைவிட்டுப் போனா ஒன் அக்காகிட்ட நீயே சொல்லு," என்று போனை வைத்துவிட்டார் அண்ணன்.

வியாழன் மதியம் லேபிள் வந்தது. ஜப்பான் எழுத்து புரியவில்லை, எண்கள் புரிந்தன. மூன்று வருடமும் இரண்டு மாதமும் ஆகியிருந்தது.

அண்ணன் வீட்டுக்குப் போய் புரோக்கரை ஸ்பீக்கரில் போட்டோம்.

"பெல்ட்ட இழுத்துப் பாத்துக்கிட்டா இருக்கப் போறாக கஸ்டம்ஸ்ல?"

"பெல்ட்டப் பாக்க மாட்டாக. சேஸ் நம்பரப் பாப்பாக. அத வச்சு கம்பெனில கேட்டா மாசத்தோட சொல்லிருவாக," என்றேன்.

லைன் கட்டானது. மீதிப் பணம் போகவில்லை.

அண்ணன் என் தோளைத் தட்டினார். அக்கா அந்த வீடியோவை இன்னொரு தடவை ஓடவிட்டுப் பார்த்தார்.

"நீ பாத்தது சரிதான் தம்பி. ஆனா வண்டி வரலையே."

இப்போதும் அக்காவைத் தூக்கித்தான் ஏற்றுகிறோம். போன மாதம் மதுரை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோது அக்காவைத் தூக்கி உட்காரவைத்த இருவரில் நானும் ஒருவன்.

"மெதுவா. நானும் மூணு வருசம் தாண்டுன வண்டிதான்," என்றார் அக்கா.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தெரிந்த ஆள் என்பது பேப்பர் ஆகாது. லேபிள் போட்டோவை அட்வான்ஸுக்கு முன்னால் கேளுங்கள். நான் பின்னால் கேட்டேன்.

புரோக்கர் நாற்பதாயிரம் திருப்பிக் கொடுத்தார். அண்ணன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கூட்டிப் போனவன் நான் என்பதால் மீதி அறுபதாயிரத்தை மாதாமாதம் கொடுத்து வருகிறேன். இன்னும் கொடுக்க வேண்டியது நாற்பத்திரண்டாயிரம்.