காட்டுப் பாதையில் ஒருமுறை அடித்த ஃபோன்

இதை எழுதப் பல வருடங்களாகத் தயங்கினேன். பேனாவை எடுப்பேன், மூடிவைப்பேன். அதிகம் படித்தவனில்லை நான்... கடவுள் காரியத்தை எழுதிக் கெடுத்துவிடுவேனோ என்ற பயம். போன கிழமை மனைவிதான், "எழுதுங்கோவன், இன்னும் ஆரைப் பாத்துக்கொண்டிருக்கிறியள்?" என்று ஏசினாள்.

இலங்கையில் போர் முடிந்த 2009 மே மாதம். டென்மார்க்கின் ஹேர்னிங்கில் நம் வீடுகள் இருந்த நிலையை உங்களுக்குச் சொல்லவேண்டுமா? மனைவியின் தம்பியும் அவர்களின் அம்மாவும் — என் மாமி — வன்னிக்குள். மாதக்கணக்காகச் செய்தியே இல்லை. நான் முருகனைப் பார்ப்பேன். மனைவி ஃபோனைப் பார்ப்பாள்.

தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் யென்ஸ் டேனிஷ்காரர். என் முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல், தன் பழைய மவுண்டன் பைக்கைத் தந்து, ஞாயிற்றுக்கிழமை சில்கபோர்க் ஏரிக் காட்டுக்கு வா என்றார்.

"போட்டு வாங்கோ. ரெண்டு பேரும் ஃபோனையே பாத்துக்கொண்டிருந்தால் அடிச்சுப்போடுமே?" என்று மனைவி துரத்திவிட்டாள். தம்பிக்குப் பாடமான இலக்கம் என் கைபேசியினுடையது மட்டும். அது என் சட்டைப்பையில்.

ஒரு சைக்கிள் மட்டும் போகக்கூடிய பாதை. ஒருபக்கம் தளிர்விட்ட மரங்கள், மறுபக்கம் கீழே ஏரி. வேர்களில் சைக்கிள் சில்லு துள்ளும். அவ்வளவு அழகு... பார்ப்பதே குற்றம்போல இருந்தது.

மேட்டிலிருந்து இறங்கத் தொடங்கும்போது ஃபோன் ஒரேயொரு தடவை அடித்து நின்றது. பிரேக் பிடித்து நிற்பதற்குள் ஏரிக்கரைக்கே வந்துவிட்டேன். இலங்கை இலக்கம்! சிக்னல் இல்லை.

"முக்கியமென்றால் திரும்ப அடிப்பார்கள்தானே?" என்றார் யென்ஸ்.

அவருக்கு எப்படி விளங்கும்? கையில் காசில்லாதவர் ஒருமுறை அடித்து வெட்டுவார். வெளிநாட்டில் இருப்பவர்தான் திருப்பி எடுக்கவேண்டும். அதுவும் இரவல் ஃபோன் என்றால், உடனே எடுக்காவிட்டால் ஆள் போய்விடுவானே? விளக்கிச் சொன்னேன்.

யென்ஸ் மேட்டைப் பார்த்தார். அது ஒருவழிப் பாதை. மேலிருந்து ஆட்கள் பாய்ந்து வருவார்கள். ஆளில்லாத தெருவிலும் சிவப்பு விளக்குக்கு நிற்கிற மனிதர் அவர். சைக்கிளைப் புல்லில் எறிந்துவிட்டு, "நில்லுங்கள்! நில்லுங்கள்!" என்று டேனிஷில் கத்தியபடி எதிர்த்திசையில் ஓடினார். வந்தவர்கள் ஏசினார்கள், ஆனால் ஒதுங்கினார்கள். நான் பின்னால், "முருகா, முருகா" என்று மூச்சிரைக்க.

மேலே சிக்னல் வந்தது. எடுத்தேன். யாரோ ஒருவர்.

"ஆர்? டென்மார்க்கோ? அந்தப் பெடியன் இப்பத்தான் தண்ணிக்குப் போறான். வெட்டிப்போடாதேங்கோ அண்ணை... டேய் தம்பி! உன்ரை அத்தானடா!"

"அத்தான்... நான் முகாமிலை இருக்கிறன்."

"மாமி?"



"அம்மாவைக் கொண்டுவர ஏலாமப் போச்சு அத்தான்... அக்காவுக்கு நீங்களே சொல்லுங்கோ."

வீட்டுக்கு வந்து சொன்னேன். தம்பி கிடைத்தால் விளக்கேற்றுவதாக நேர்ந்திருந்தாள் மனைவி. ஆனால் இப்போது மாமியின் சாவுத் துடக்கு உள்ள வீடு, விளக்கு வைக்கலாமா?

"கூடாதெண்டால் முருகன் என்னைக் கேக்கட்டும்" என்று ஏற்றினாள். தம்பிக்காகக் கும்பிட்டாள். அதே விளக்கின் முன் அம்மாவுக்காக விழுந்து அழுதாள். நன்றியையும் துக்கத்தையும் தனித்தனியாகவா கடவுள் தருகிறார்? கோபித்தேன், கும்பிட்டுக்கொண்டேதான் கோபித்தேன்.

இதை மற்றவர்களுக்கும் சொல்லுங்கள் — ஆனால் உள்ளபடி. யென்ஸை முருகனாக்கிவிடாதீர்கள், அவர் யென்ஸ்தான், முருகன் அனுப்பியவர். தம்பி கிடைத்தான் என்பதோடு நிறுத்திவிடவும் வேண்டாம்.

மாமியையும் சொல்லுங்கள்.