சாண் நீளக் காலமும் போட்டிக்காரர் அண்ணனும்

குரோமடோகிராபி காலம் (column) விற்பது என் தொழில். காலம் என்றால் நேரமில்லை, கட்டடத்துத் தூணும் இல்லை. சாண் நீள எஃகுக் குழாய். மருந்துக் கரைசலை இதற்குள் செலுத்தினால், கலந்திருப்பதெல்லாம் தனித்தனியாக வெளியே வரும். எந்த மருந்துக்கு எந்தக் காலம் என்று தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம். இதைச் சொந்தக்காரர்களுக்கு விளக்கப் போய் நொந்துபோன சக விற்பனையாளர்களே, நீங்களாவது கேளுங்கள்.

கேட்டில்

போன மாதம் சிட்லபாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் திருநீர்மலைப் பக்கம் ஒரு மருந்து கம்பெனிக்குப் போனேன். "காலம் கொண்டுவந்திருக்கேன்" என்றதும் வாட்ச்மேன் பெரிய கேட்டையே திறந்துவிட்டு, பின்னால் லாரி வருகிறதா என்று ரோட்டை எட்டிப் பார்த்தார். நான் கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்துக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தவர் கேட்டார்:

"இத்த வெச்சி எந்த வூட்ட நிக்க வெக்கப் போறம்மா?"

கேன்டீனில்

உள்ளே லேப் தலைவி கீதா மேடம் கவலையில் இருந்தார். புது பிரஷர் மாத்திரையில் மருந்தும் அதில் கலந்த மாசும் கணினித் திரையில் ஒரே கூம்பாக எழுந்தன. இரண்டும் பிரிந்தால்தான் மாத்திரை விற்பனைக்குப் போகும். என்னையும் போட்டி கம்பெனி அன்வர் அண்ணனையும் ஒரே நாளில் வரச் சொல்லியிருந்தார். எங்கள் காலங்களின் பெயரை மறைத்து, ஒரே கரைசலை இரண்டிலும் ஓட்டினார். நாங்கள் கேன்டீனில் காத்திருந்தோம், பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருப்பது போல.

ரெண்டு பேருமே ஃபெயில். வேறு ஊரிலிருந்து ஆளைக் கூப்பிடப் போவதாகச் சொல்லிவிட்டு மேடம் உள்ளே போய்விட்டார். அன்வர் அண்ணன் அந்த மருந்தின் மூலக்கூறு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வளையம் வளையமா இருக்கு பாரும்மா. உள்ளயும் அதே மாதிரி வளையம் இருக்கிற ஃபீனைல் காலம் போட்டா பிரியும். உன்கிட்ட இருக்கா?"

இருந்தது. யாரும் கேட்காமல் பையிலேயே கிடந்தது.

"உங்களுதையே கொடுங்களேன், அண்ணா. நீங்கதானே கண்டுபிடிச்சீங்க?"

அவர் டீயை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்:

"கொடுத்திருப்பேன்மா, ஸ்டாக் இல்ல."

திரைக்கு முன்னால்

மேடத்தைக் கெஞ்சி, என் ஃபீனைல் காலத்தை மாட்டி இன்னொரு முறை ஓட்டச் சொன்னேன். மூன்று பேரும் திரையை முறைத்தபடி நின்றோம். முதல் கூம்பு எழுந்து, இறங்கி, தரையைத் தொட்டது. கொஞ்சம் இடைவெளி. பிறகு குட்டியாக இரண்டாவது. அன்வர் அண்ணன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். காலையிலிருந்து சிரிக்காத மேடம் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

"அப்பாடா, தனிக்குடித்தனம் போயிடுச்சுங்க."

பல்லாவரத்தில்

ஆர்டர் எனக்கு. திரும்பும் வழியில், பல்லாவரம் ஸ்டேஷன் பக்கத்தில் அண்ணனுக்கு பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் முந்திக்கொண்டார்:

"நாளைக்குக் கோவிலம்பாக்கம் லேபுக்கு நானும் வரேன். அங்க உன்ன விடமாட்டேன்மா, சட்னி தள்ளு."

ஆக, இந்தத் தொழிலில் ஜெயிக்க, போட்டிக்காரருக்கு நல்ல மனசு இருந்தால் மட்டும் போதாது, ஸ்டாக்கும் தீர்ந்திருக்க வேண்டும்.