பன்சலை வாசல் வரை ஓடினேன்

சபையில் சாட்சி சொல்ல எழும்பச் சொன்னால், முன்னால் இருப்பவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிகிற ஆள் நான். என்னை எழுத வைத்ததே ஆண்டவர் செய்த பெரிய அற்புதம் என்று வீட்டுக்காரர் கேலி பண்ணுகிறார்.

நான் அட்டன் பக்கம் பிறந்தவள். கஹவத்தைக்கு மேலே உள்ள இந்த ரப்பர் தோட்டத்துக்குக் கலியாணம் முடித்து வந்தேன். இங்கே எல்லோருக்கும் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. எனக்கு வாயில் வராது. கடை, பஸ், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அவர்தான் பேசுவார். லயத்து வரிசை வீடுகளும் சபையும் போதும் என்று இருந்துவிட்டேன்.

போன வருஷம் வைகாசி மழை விடவே இல்லை. அவர் கொழும்பில் வேலையில் இருந்தார். ஒரு மத்தியானம் லயத்துக்குப் பின்னால் சேற்றுத் தண்ணீர் பொங்கி வந்தது. மழைத்தண்ணீர் ஓடும் காண் அடைத்திருக்கிறது என்று நினைத்து, நானும் பக்கத்து வீட்டு லெட்சுமி அக்காவும் மண்வெட்டியோடு போனோம். வெட்ட வெட்டத் தண்ணீர் இன்னும் சிவந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மேட்டில் ரப்பர் மரங்கள் எங்கள் பக்கம் சாய்ந்திருந்தன. அடியில் மண் பிளந்திருந்தது. மலை சரியப் போகிறது என்று புரிந்தது.

"அக்கா, எல்லாரும் எறங்கிருவோம்!"

"எறங்கி எங்க புள்ள போறது? தலைவர் டவுனுக்குப் போயிருக்காரு. அவரு வந்து சொல்லட்டும்."

எங்கள் தோட்டத்தில் அப்படித்தான். வெளியாட்களிடம் எதைக் கேட்பதென்றாலும் தொழிற்சங்கத் தலைவர்தான் கேட்பார். அக்காவுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். ஆனாலும் நகரவில்லை. ஆண்கள் வெளியே கூலி வேலைக்குப் போயிருந்தார்கள். என் மாமனார் பாரிசவாதத்தில் படுத்த படுக்கை. அவரைத் தனியாகத் தூக்கவும் முடியாது, விட்டுவிட்டு ஓடவும் முடியாது.

கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலில் விழுந்தேன். "யாரையாவது அனுப்பும் ஆண்டவரே" என்று கதறினேன். யாரும் வரவில்லை. மழைதான் வலுத்தது. அப்போது என் உள்ளத்தில் ஒரு கேள்வி எழும்பியது. கீழே பன்சலையில் ஆட்கள் இருக்கிறார்களே, உனக்குக் கால் இல்லையா? ஆண்டவர் என்னைத் திட்டினார் என்றுதான் சொல்வேன்.

"மாமா, ஆள் கூட்டிட்டு வாறேன்."

பன்சலை என்றால் சிங்களவர்களின் புத்த கோயில்; அதற்குள் நான் கால் வைத்ததே இல்லை. சிலுவை போட்ட தமிழ்ப் பொம்பளை, என்னவென்று கேட்பேன்? ஆனாலும் ஓடினேன். பிக்குவைக் கண்டதும் தெரிந்த இரண்டு சொல்லும் மறந்துவிட்டது. "ஹாமுதுருவனே... கந்த... கந்த..." என்று எங்கள் மலையைக் காட்டி, கையை மேலிருந்து கீழே இழுத்தேன். அழுதுவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. அவர் ஓடிப்போய் மணியை அடித்தார்.

மணி கேட்டு ஓடிவந்த ஊர் இளைஞர்கள் மாமாவைப் போர்வையில் வைத்துத் தூக்கினார்கள். வீடு வீடாகத் தட்டினார்கள். லயமே இறங்கியது. லெட்சுமி அக்கா கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைசியாக வந்தார். பன்சலை மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது மேலே வெடி வைத்த மாதிரி சத்தம் கேட்டது. பாதி லயத்தை மண் மூடிவிட்டது. ஒரு உயிர்கூடப் போகவில்லை. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்!

புது வீடு இன்னும் கிடைக்கவில்லை. கஷ்டம் இருக்கிறது. ஆனால் நான் பழைய ஆள் இல்லை. தப்பும் தவறுமாகச் சிங்களம் பேசுகிறேன். மாமாவை ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப் போகிறேன். வீட்டுக்காரர் தலையில் நான் ஏற்றியிருந்த பாரத்தில் பாதியை இப்போது நான் சுமக்கிறேன். ஆச்சரியம் என்னவென்றால், மனசு லேசாக இருக்கிறது.

அன்பானவர்களே, ஆண்டவர் நம் ஜெபத்தைக் கேட்கிறார். பயமில்லாமல் நம்புங்கள். ஆனால் 'யாரையாவது அனுப்பும்' என்று முழங்காலில் நிற்கும்போது, செருப்பைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.