ஆடிக்கு ஆறு நாள்

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் நான் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. விருதுநகரிலிருந்து காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் திரும்புவேன். தினசரிக் காலண்டர் தாளில் நல்ல நேரமும் ராகு காலமும் பொடி எழுத்தில் இருக்கும். மற்றவர்கள் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு திணறுவார்கள். நான் என் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத் தாளை மூக்குநுனிக்குக் கொண்டுபோவேன். ஒரு புள்ளி விலகியிருந்தாலும் மாட்டிக்கொள்ளும். எனக்குப் பவர் மைனஸ் பதினாலு. கிட்டத்தில் என்னைப்போல் அந்தக் கம்பெனியில் யாருக்கும் தெரியாது. ஒரு சாணைத் தாண்டிவிட்டால் ஆளா தூணா என்றே தெரியாது.

பள்ளிக்கூடத்தில் என் பெயரே சோடாபுட்டிதான். அது பழகிவிட்டது. கல்யாணப் பேச்சு ஆரம்பித்தபோதுதான் அந்தக் கண்ணாடி வீட்டில் ஒரு பிரச்சினையாக உட்கார்ந்தது. மூன்று பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், ஒருவரும் திரும்பவில்லை. மூன்றாவதாக வந்த அம்மாள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, எங்கள் காதில் விழும்படி கேட்டாள்: "பொறக்குற பிள்ளைக்கும் இப்பிடித்தான வரும்?" அன்று அம்மா சாப்பிடவில்லை. அப்பாவுக்கு மல்லி, வத்தல் கமிஷன் கடை. அவர் கடைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

நான்காவது சம்பந்தம் சிவகாசியிலிருந்து வந்தது. விஸ்வநத்தம் பக்கம் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கும் குடும்பம். இந்தத் தடவை கண்ணாடியே கிடையாது என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். முந்தின நாள் முழுக்க எனக்கு ஒத்திகை. அடுப்படியிலிருந்து முன்ரூமுக்குப் பதினோரு எட்டு, நிலைப்படியில் காலைத் தூக்கி வைக்க வேண்டும், இடது பக்கம் மாப்பிள்ளை. மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி அழுத்திய பள்ளம் இருந்தது, பத்து வயசிலிருந்து இருக்கிற பள்ளம். அதன்மேல் அம்மா பவுடரை அப்பி அப்பித் தேய்த்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. "கட்டிக்கப் போறவரு மூஞ்சியவாச்சும் பாத்துக்கிறட்டா?" என்று கேட்டேன். "கட்டுனதுக்கப்புறம் ஆயுசு பூரா பாரு" என்றாள்.

காப்பித் தட்டோடு பதினோரு எட்டும் சரியாக வைத்தேன். நீலச் சட்டை தெரிந்தது. அதற்குமேல் ஒரு கலங்கல். அன்றைக்கே தட்டை மாற்றிக்கொண்டார்கள்.

அதன்பிறகுதான் அப்பா மதுரைக்குக் கூட்டிப்போனார். லேசர் வைத்தால் கண்ணாடியே வேண்டாமாம், பத்து நிமிஷ வேலையாம் என்று பஜாரில் யாரோ சொல்லியிருந்தார்கள். கண் டாக்டர் ஒரு பெண்மணி, அம்மா வயசுதான் இருக்கும். மிஷின் மிஷினாகத் தாடையை வைக்கச் சொல்லி அளந்துவிட்டு, "உனக்கு லேசர் கிடையாதும்மா" என்றார். லேசர் என்பது கருவிழியின் மேல்தோலைச் செதுக்குகிற வேலை. என் பவருக்கு நிறையச் செதுக்க வேண்டும், ஆனால் என் கருவிழியோ மெலிசு. செதுக்கினால் பலமிழந்து பிற்பாடு புடைத்துக்கொள்ளும் என்றார். அம்மா அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அழாதீங்க, வேற ஒண்ணு இருக்கு" என்று டாக்டர் ஒரு பிளாஸ்டிக் கண்ணைத் திறந்து காட்டினார். மெல்லிய ஒரு லென்ஸைக் கண்ணுக்குள்ளேயே வைத்துவிடலாம். கண்பாப்பாவைச் சுற்றிய கறுப்பு வளையத்துக்குப் பின்னால், நம்முடைய சொந்த லென்ஸுக்கு முன்னால். எதையும் செதுக்க வேண்டாம், சரிப்படாவிட்டால் எடுத்தும்விடலாம். என் அளவுக்கு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், சில வாரம் ஆகும். "ஆனா ஒண்ணு, கவனமாக் கேட்டுக்க" என்று என் பக்கம் திரும்பினார். கண்ணுக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும், வடிந்துகொண்டே இருக்க வேண்டும். லென்ஸ் வழியை மறித்துவிடாமலிருக்க அந்தக் கறுப்பு வளையத்தில் லேசரால் இரண்டு சின்னத் துவாரம் போடுவார்கள். அது அடைத்துக்கொண்டால் கண்ணுக்குள் பிரஷர் ஏறும், பார்வை நரம்பு செத்துவிடும். "விளக்கைச் சுத்திக் கலர் வளையம், தலைவலி, வாந்தி, கண்ணு செவக்கிறது, எது வந்தாலும் அன்னிக்கே வரணும். நாளைக்குன்னு வைக்கக் கூடாது." திரும்பத் திரும்பச் சொன்னார். மறுபடி காட்ட வேண்டிய தேதிகளை ஒரு மஞ்சள் அட்டையில் எழுதியும் கொடுத்தார். எல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் கெட்டேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

பங்குனியில் வைத்தார்கள், ஒரு வாரம் விட்டு இரண்டு கண்ணுக்கும். இரண்டாவது கட்டை அவிழ்த்த அன்று மதுரை பஸ் ஸ்டாண்டில் நான் போர்டு போர்டாக வாசித்துக்கொண்டு நின்றேன். காரியாபட்டி, அருப்புக்கோட்டை, சாத்தூர். சோடாபுட்டிக்குள் எல்லாம் சிறுத்துத்தான் தெரியும்; அப்பாவுக்கு மீசை நரைத்திருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவர் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எம்புட்டுச் சந்தோஷம்! அந்த ஒரு நாளை மட்டும் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

முதல் இரண்டு தேதிக்குப் போனோம். மூன்றாவது தேதி பந்தக்கால் ஊன்றிய பிறகு வந்தது. "மஞ்சத் தண்ணி ஊத்துன பிள்ளைய வெளியூருக்கு அனுப்ப மாட்டேன்" என்று அம்மா பிடிவாதமாக நின்றாள். அதற்கடுத்த தேதிக்குள் வைகாசி முகூர்த்தம் முடிந்து நான் சிவகாசி வந்துவிட்டேன். மஞ்சள் அட்டை டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் கிடந்தது. புகுந்த வீட்டில் கண்ணாடி பற்றியோ ஆபரேஷன் பற்றியோ மூச்சு விடக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. என்ன சொல்லிவிட்டு மதுரைக்குப் போவது? ஆடி பிறந்தால் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்போது சாவகாசமாகக் காட்டிக்கொள்ளலாம் என்று அம்மாவும் நானும் பேசி வைத்திருந்தோம்.

ஆனி மாதம் தீபாவளி ஆர்டருக்கான சாம்பிளை ஒருநாள் சாயங்காலம் குடோனுக்குப் பின்னால் வெடித்துப் பார்த்தார்கள். நானும் மாமியாரோடு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். வானத்தில் விரிந்த ஒவ்வொரு பூவையும் சுற்றி எனக்கு ஒரு வானவில் வளையம் தெரிந்தது. அது புதுச் சரக்கு போலிருக்கிறது என்று நினைத்துக் கை தட்டினேன். வீட்டுக்குள் வந்தால் டியூப் லைட்டைச் சுற்றியும் அதே வளையம். டாக்டர் சொன்ன வளையம் ஞாபகம் வந்தது. ஆபரேஷன் ஆன புதிதிலும் இப்படிக் கொஞ்சம் தெரிந்ததுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் ஆர்டர் பிடிக்க வெளியூர் போயிருந்த நேரம். மறுநாள் காலையில் எழுந்தபோது இடது பக்க மண்டையே பிளந்துவிடும் போல வலி. அடுப்படிக்குப் போகுமுன் வாந்தி. பின்கட்டில் குனிந்து நின்றவளின் முதுகை மாமியார் தடவிக்கொடுத்தார்.

"ஏத்தா, நாளு தள்ளிப் போயிருக்கா?"

நாலைந்து நாள் தள்ளித்தான் போயிருந்தது. தலையாட்டினேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சாமி படத்துக்கு முன்னால் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்து வீடு, எதிர் வீடு, கம்பெனி ஆட்கள் என்று ஒருவரையும் விடவில்லை. உப்புப் போட்டு எலுமிச்சைச் சாறு வந்தது. நான் ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

மத்தியானம் மாமியாரே விருதுநகருக்குப் போன் போட்டு அம்மாவிடம் சந்தோஷத்தைச் சொல்லிவிட்டு ரிசீவரை என் கையில் கொடுத்தார். பக்கத்திலேயே நின்றார்.

"அம்மா, வாந்தியோட தலைவலியும் இருக்கும்மா" என்றேன். "எடது பக்கம். லைட்டச் சுத்தி வளையமாத் தெரியுது."

மாமியார் அதையும் மசக்கை மயக்கம் என்றே எடுத்துக்கொண்டார். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. டாக்டர் சொன்னபோது பக்கத்தில் இருந்தவள்தானே.

"பொறுத்துக்கோத்தா" என்றாள் மெதுவாக. "இப்ப வாயத் தொறந்துறாத. வந்து ரெண்டு மாசங்கூட ஆகல. ஆடிக்கு ஆறு நாள்தான் கெடக்கு. நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

"சரிம்மா" என்றேன்.

இத்தனை வருஷமாக அந்தச் "சரிம்மா"வைத்தான் நான் மென்றுகொண்டிருக்கிறேன். அம்மாவைத் திட்டி என்ன செய்ய? மாமியார் ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தார். "அத்தை, கண்ணு வலிக்குது" என்று சொல்ல ஒரு விநாடி போதும். என் வாயை யாரும் தைத்து வைக்கவில்லை. முதுகைத் தடவிக்கொடுத்த அந்தக் கை போய்விடுமே என்றுதான் எனக்குப் பயம்.

அன்றும் மறுநாளும் அப்படியே கிடந்தேன். வயிற்றில் எதுவும் தங்கவில்லை. "மசக்கைன்னா இப்பிடித்தான் படுத்தும்" என்று எல்லாரும் வந்து சிரித்துவிட்டுப் போனார்கள். வலது கண்ணைப் பொத்திப் பார்த்தபோது இடது கண்ணில் ஜன்னல் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. மாலையில் அதுவும் சரியாகத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலை அவர் திரும்பி வந்தார். நல்ல செய்தி கேட்டுச் சிரித்துக்கொண்டே அறைக்குள் வந்தவர் என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார். கம்பெனியில் யாருக்காவது அடிபட்டால் முதலில் கண்ணைத்தான் பார்ப்பார்கள். அந்தப் பழக்கம் அவருக்கு. டார்ச்சை எடுத்து, "இந்தா, கண்ணத் தொற" என்றார். வெளிச்சம் அடித்தார். அணைத்தார். மறுபடி அடித்தார்.

"கண்ணுப் பாப்பா சுருங்கவே மாட்டேங்குதே! இது மசக்கை இல்லம்மா" என்று வெளியே பார்த்துக் கத்தினார். "வேனை எடுக்கச் சொல்லுங்க, மதுரைக்கு."

ஆட்களை ஏற்றிவரும் கம்பெனி வேன்தான் அப்போது வாசலில் நின்றது. அதில் பின்சீட்டில் அவர் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பதினோரு எட்டு, மைனஸ் பதினாலு, லென்ஸ், மஞ்சள் அட்டை. திட்டுவார், அடித்தாலும் அடிக்கட்டும் என்று இருந்தேன்.

கள்ளிக்குடி தாண்டியிருக்கும்.

"பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும்" என்றார். "மூக்குல ரெண்டு தடம். அதுமேல பவுடர் வேற. எங்கம்மாட்டகூடச் சொன்னேன், பிள்ளை கண்ணாடி போடும்போலன்னு. போட்டாப் போட்டுட்டுப் போகுதுன்னாக. கல்யாணத்துக்கப்புறம் போடக் காணோம். சரி, கொறஞ்ச பவரா இருக்கும்னு விட்டுட்டேன்."

எனக்கு வலி ஒரு நிமிஷம் நின்றே போயிற்று. பிறகு ஒரு கேவல் வந்தது பாருங்கள், டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டார்.

டாக்டர் என்னைக் கண்டதும் ஓடிவந்தார். டிரிப்ஸ், மாத்திரை, பிறகு அடைத்துக்கொண்ட துவாரத்தை லேசரால் திறந்தார்கள். பிரஷர் இறங்கியது. நரம்பு மீளவில்லை. "முத நாளே வந்திருந்தா" என்று ஆரம்பித்துவிட்டு அந்த அம்மாளால் முடிக்க முடியவில்லை. வலது கண் தப்பித்தது. ஆஸ்பத்திரியிலேயே எனக்குத் தூரமும் வந்துவிட்டது, பிள்ளையும் இல்லை ஒன்றும் இல்லை. பழமும் பூவுமாக வந்த மாமியார் கட்டிலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "கண்ணு வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் வயித்தையா பாத்துக்கிட்டு இருந்திருப்பேன்?" என்றார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்று சொன்னார். இனி இருப்பது ஒரே கண். அதுவும் பட்டாசுக்காரர் வீட்டில். தூங்குகிற நேரம் தவிர எப்போதும் உடையாத கண்ணாடி போட்டிருக்க வேண்டும், பவர் இல்லாத வெறுங்கண்ணாடி. அன்றே என் வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

அம்மா அந்த ஆடிக்கு என்னை அழைத்துப்போக வந்தாள். பிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்தாள். ஒரு தடவைகூடக் கண்ணைப் பற்றி அவள் பேச்செடுக்கவில்லை. மறு வருஷம் ஒரு மத்தியானம், நான் முகம் கழுவிவிட்டுக் கண்ணாடி இல்லாமல் வந்து அவள் எதிரே உட்கார்ந்தேன். என் மூக்கையே பார்த்தாள். இரண்டு பள்ளமும் திரும்ப விழுந்திருந்தன. முந்தானையால் ஈரத்தை ஒற்றிவிட்டு, அந்தப் பள்ளங்களைக் கட்டைவிரலால் தடவினாள்.

"ஆறு நாள்தானேன்னு நெனச்சேன்த்தா" என்றாள்.

"நானும் அதைத்தாம்மா நெனச்சேன்" என்றேன்.